பொய்த்தோட்டா

2024 கோடையில் அம்மா டாலஸுக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள், துவைத்த துணிகளை மடித்து வைக்க எங்கள் அறை க்ளோசெட்டுக்குள் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

“கண்ணு, இதென்ன இரும்புப் பெட்டி? நகை வச்சிருக்கீங்களா?”

“நகையெல்லாம் பேங்க்லதாம்மா இருக்குது.”

“அப்புறம் இதுக்குள்ள?”

ஐந்து வருடமாக வீடியோ அழைப்பில் அந்தப் பக்கம் கேமரா திரும்பாமல் பார்த்துக்கொண்டவன் நான். வீட்டுக்குள் வந்து பெட்டிக்கு முன்னால் நிற்பவரிடம் என்ன சொல்லி மழுப்புவது?

“துப்பாக்கிம்மா.”

அம்மா கையிலிருந்த துண்டோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “எதுக்கு சாமி? இங்க அவ்வளவு திருட்டுப் பயமா?”

எல்லோரும் கேட்கிற கேள்விதான். அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றபடி கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அம்மாவுக்கு மட்டும் எந்தப் பதிலும் பொருந்தவில்லை. அன்று சொல்ல முடியாததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

*

திருட்டுப் பயம் இல்லை. நாங்கள் இருக்கும் தெருவில் திருடு போகிற ஒரே பொருள் வாசலில் வைத்துவிட்டுப் போகும் அமேசான் அட்டைப்பெட்டி. எனக்கிருந்தது ஆசை. அதுவும் பழைய ஆசை.

கோபியில் வளர்ந்த காலத்தில் மூன்று துப்பாக்கிகள் என் கைக்கு வந்தன. முதலாவது தீபாவளித் துப்பாக்கி. சிவப்புச் சுருளை உள்ளே மாட்டிச் சுட்டால் இரண்டு முறை வெடிக்கும், மூன்றாம் முறை சுருள் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது பாரியூர் அம்மன் கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரர் கொடுத்த ஏர்கன். பத்துக் குண்டுக்கு ஒரு பலூன்கூட உடையாது. குழலை வளைத்து வைத்து ஏமாற்றுகிறான் என்று நண்பர்களிடம் அடித்துச் சொல்வேன். மூன்றாவது என்.சி.சி.யில் கிடைத்த 0.22 ரைபிள். தார்ப்பாயில் குப்புறப் படுக்க வைத்து, ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்தார்கள். ஹவில்தார் இந்தியில் என்ன கத்தினார் என்று பாதிதான் புரிந்தது. சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்கி எண்ணிக் கொடுக்கச் சொன்னார். என் ஐந்தில் மூன்று தாளில் பட்டிருந்தன. அன்று முழுவதும் தோளில் எண்ணெயும் கரியும் கலந்த ஒரு வாசனை இருந்தது. சட்டையை அம்மா துவைக்கப் போட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

2004-இல் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்தேன். பிறகு எச்-1பி. துப்பாக்கிக்குப் பேர்போன டெக்சஸில் குடியேறினாலும், அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கக் கூடாது, சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடவும் கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். அதில் ஓர் இடுக்கு உண்டு. வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. “கடையில் போய் உரிமம் வாங்கு, வேட்டைக்குப் போக வேண்டும் என்று யார் சொன்னது?” என்றான் அலுவலக நண்பன். சட்டப்படி சரிதான். ஆனால் ஒவ்வொரு முறை விசா முத்திரை குத்தப் போகும்போதும் வயிறு கலங்குகிறவனுக்கு இடுக்கில் நுழைகிற தைரியம் வராது. 2009-இல் கிரீன் கார்டு வரிசையில் நின்ற எனக்கு 2019-இல் அட்டை கையில் வந்தது.

கிரீன் கார்டு வந்ததும் ஒவ்வொருவரும் அடக்கி வைத்திருந்த ஒன்றைச் செய்வார்கள். ஒருவர் வேலையை விட்டுவிட்டு இட்லிக் கடை போட்டார். நான் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். 4473 என்றொரு படிவம். குற்றம் சாட்டப்பட்டவரா, போதைப் பழக்கம் உண்டா, எந்த நாட்டுக் குடிமகன், ஏலியன் எண் என்ன என்று வரிசையாகக் கேள்விகள். கடைக்காரர் அதை வைத்துக்கொண்டு, 1998 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியப் பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார். பத்து வருடம் காத்திருந்து வாங்கிய அட்டையைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் அனுமதி வந்துவிட்டது. ஊரில் துப்பாக்கி உரிமத்துக்குக் காவல்துறை விசாரணை, ஆட்சியர் அலுவலகம் என்று செருப்புத் தேய வேண்டும். இங்கே இவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்கே கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

*

முதல் துப்பாக்கியைத் தப்பாக வாங்கினேன். தொழில் புத்தியால் வந்த தப்பு.

மென்பொருள் ஆலோசகன் எதையும் எக்ஸெல்லில் போட்டுத்தான் வாங்குவான். எடை, குழல் நீளம், எத்தனை தோட்டா கொள்ளும், விலை, மதிப்பெண் என்று பதினான்கு மாடல்களுக்கு அட்டவணை போட்டேன். முதலிடம் பிடித்தது சட்டைப் பையில் அடங்கும் ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி. அரைக் கிலோதான் எடை, மூன்று அங்குலக் குழல். கடைக்காரரும் தலையாட்டினார். என் அட்டவணையில் எல்லாம் இருந்தது, என் கை மட்டும் இல்லை.

முதல் சனிக்கிழமை சுடுதளத்தில் அது என்னை உதைத்த உதையில் மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. பிறகுதான் பள்ளியில் படித்த நியூட்டன் ஞாபகத்துக்கு வந்தார். தோட்டா ஒன்றுதான் என்றால், துப்பாக்கி லேசாக லேசாக உதை கூடும். குழல் குட்டையானால் வெடிச்சத்தமும் தீயும் முகத்துக்குப் பக்கத்தில் வரும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைந்தால், கண் செய்கிற ஒரு நூலிழைப் பிழை தாளில் நான்கு அங்குலமாக விரியும். பையில் வைத்துக்கொண்டு திரிய வசதியாகச் செய்த பொருளை, உட்கார்ந்து பழக வாங்கியிருந்தேன். புதிதாகக் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவன் பந்தயக் கார் வாங்கிய கதை.

ஏழு கஜத்தில் வைத்த தாளில் என் ஓட்டைகள் எல்லாம் இடது கீழ் மூலையில் விழுந்தன. குறியை நகர்த்திப் பார்த்தேன், பிடியை மாற்றிப் பார்த்தேன். ஊகூம். அடுத்த தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுபது வயதிருக்கும், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். என் தாளைப் பார்த்துவிட்டு, “துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது” என்று மட்டும் சொன்னார்.

அவர்தான் எனக்கு வாத்தியார் ஆனார். முதல் நாள் ஒரு தோட்டாகூடச் சுடவிடவில்லை. ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரீன் படைவீரர் அரிசோனாவில் 1976-இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் பரப்பிய நான்கு விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழல்முனையைத் திருப்பாதே. குறி இலக்கில் சேரும்வரை விசைமேல் விரல் வைக்காதே. இலக்கையும், இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். நான்கையும் ஒரே நேரத்தில் மீறினால்தான் ஓர் உயிர் போகும், எந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலும் அந்த உயிர் தப்பும் என்றார். மாற்று ஏற்பாடு இல்லாத சர்வரை நாங்கள் இயக்கத்துக்கு விடுவதில்லை. எனக்குப் புரிகிற பாஷைதான்.

இரண்டாம் நாள் என் மேகசினை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று, அவரே தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்தார். சுட்டேன், வெடித்தது. சுட்டேன், வெடித்தது. மூன்றாம் முறை விசையை அழுத்தினேன். ‘க்ளிக்.’ வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை குபுக்கென்று இரண்டு அங்குலம் கீழே இறங்கி நின்றது.

“பார்த்தாயா?” என்றார்.

நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பொய்த்தோட்டாவைச் சேர்த்திருந்தார். வெடிக்கப்போகிறது, உதைக்கப்போகிறது என்று பயந்து, என் கை முன்கூட்டியே முனையை அழுத்தித் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தள்ளியிருக்கிறது. நிஜத் தோட்டா வெடிக்கும்போது சத்தமும் உதையும் சேர்ந்து அந்தத் தப்பை மறைத்துவிடும். ஒன்றுமே நடக்காதபோதுதான் கை என்ன செய்தது என்று தெரியும். அந்த நிமிடம்வரை என் கை ஆடவில்லை என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

இரு கைகளையும் நீட்டி, விரல்களால் ஒரு முக்கோண ஓட்டை செய்து, தூரத்துக் கடிகாரத்தை அதன் வழியே பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணால் பார்த்தபோது கடிகாரம் ஓட்டைக்கு வெளியே போய்விட்டது. நான் வலது கைக்காரன், ஆனால் எனக்கு ஆதிக்கக் கண் இடது கண். முப்பத்தெட்டு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன். பாரியூர்த் திருவிழாவில் குழல் வளைந்திருக்கவில்லை. அந்த பலூன் கடைக்காரரிடம் இருபத்தைந்து வருடம் கழித்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

*

புதிதாகத் தொடங்குகிற யாராவது என்னிடம் கேட்டால் இப்போது ஒரே வார்த்தைதான் சொல்வேன்: 0.22. என்.சி.சி. சிறுவர்களுக்குக் கொடுக்கிற அதே தோட்டா. 1887 முதல் இருந்து வருகிறது. ஈயக்குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல், உதை கிட்டத்தட்ட இல்லை, விலையும் மலிவு. பயமுறுத்தாத துப்பாக்கியில்தான் பயத்தைத் திருத்திக்கொள்ள முடியும். செக் நாட்டில் செய்யும் சி.இசட். 457 என்ற போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை வாங்கினேன். ஒரு தோட்டா சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளினால்தான் அடுத்தது. அவசரப்பட முடியாது.

இந்த முறை அட்டவணை போடவில்லை. முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் கட்டையின் அடிப்பக்கத்தை வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தேன். தலையைத் தூக்காமல், இறக்காமல் தொலைநோக்கியின் முழு வட்டமும் தெரிந்தால் அந்தத் துப்பாக்கி நமக்குத் தைத்த சட்டை. இல்லையென்றால் அண்ணனின் சட்டை. இடது கண் குறுக்கே வராமலிருக்கக் கண்ணாடியின் இடப்பக்கம் ஒரு துண்டு ஸ்காட்ச் டேப் ஒட்டிக்கொண்டேன். பல ஆயிரம் டாலர் செலவு செய்கிற பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பயன்பட்ட பொருள் அந்த டேப்தான்.

ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு நாக்கு உண்டு. ஆறு கம்பெனித் தோட்டாக்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக, 50 கஜத்தில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். விலை உயர்ந்த ஒன்று சிதறியது. நடுத்தர விலையில், ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாக, விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் போகும் ஒன்று, ஐந்து குண்டுகளையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கியது. அதே தோட்டாவை வேறொருவர் ரைபிள் துப்பிவிடும்.

மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கேதான் சுட வேண்டும். தொலைநோக்கியில் குறுக்குக் கோடு நம் இதயத்துடிப்புக்கு ஏற்ப ஆடுவது தெரியும். காபி குடித்துவிட்டு வந்தால் அதுவும் தெரியும். முந்தின இரவு மனைவியோடு சண்டை என்றால் அதுவும் தெரியும். விசையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். அது வெடிக்கிற கணம் நமக்கே ஆச்சரியமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஐம்பது தோட்டா. கைப்பேசி காரில். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, வெடிப்பிலிருந்து வருகிற ஈயத்தூள் கையிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கும். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன்போல் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நேரே குளியலறைக்குப் போவேன்.

*

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணா ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு நெருக்கம். ஒரு நாள் உற்சாகத்தில் அவரையும் சுடுதளத்துக்குக் கூப்பிட்டேன். கோபிக்கவில்லை. தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நீர் காசு குடுத்துப் போய்க் கேக்கிற சத்தம், நாங்கள் காசு குடுத்துத் தப்பி வந்த சத்தம் தம்பி.” அதற்குமேல் நான் அவரிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் வருகிற நாட்களில் தாள்களையும் காதுக்கவசத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். எனக்கு விளையாட்டாக இருப்பது என் ஊரின் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் அல்ல.

2022 மே 24 அன்று, இதே டெக்சஸில், யுவால்டி தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒடுங்கி உட்காரும் பயிற்சியை மழலையர் வகுப்பிலிருந்தே செய்து வருகிறவள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அப்பா, அந்தத் துப்பாக்கியும் உங்க துப்பாக்கியும் ஒண்ணா?”

நான் விளக்கத் தொடங்கினேன். இது போல்ட் ஆக்‌ஷன், அது வேறு வகை, தோட்டாவின் வேகமே வேறு என்று. அவள் குறுக்கிட்டாள்.

“அது இல்லப்பா. பெட்டியோட நம்பர் என் பொறந்தநாள்தானே?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கடவுச்சொல்லில் பிறந்தநாள் வைக்காதீர்கள் என்று வருடா வருடம் வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குத் தோட்டா நிரம்பிய துப்பாக்கி எட்டும்படி வைப்பது டெக்சஸில் குற்றம். எனக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். பெட்டி பூட்டியிருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்டியது யாருக்கு எதிராக என்று யோசிக்கவே இல்லை. அன்றிரவே எண்ணை மாற்றினேன். அவள் எதிரிலேயே, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு.

*

இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிற பகுதி.

2023-இல் வேலை போயிற்று. பதினைந்து நிமிட வீடியோ அழைப்பு. அழைப்பு முடியும் முன்பே மடிக்கணினி என்னை வெளியே தள்ளிவிட்டது. எங்கள் துறையில் அந்த வருடம் இது புதுச் செய்தியும் இல்லை. இரண்டாம் மாதம்வரை கேலி பேசினேன். நான்காம் மாதம் கேலியும் தீர்ந்துபோயிற்று. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவோடு வீடியோவில் பேசும்போது சட்டை போட்டுக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்துகொள்வேன். தூக்கம் போனது. வீட்டுக் கடன், மகளின் கல்லூரி, என் இன்ஷூரன்ஸ் தொகை என்று எல்லாவற்றையும் எக்ஸெல்லில் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசித் தொகை எப்போது அட்டவணைக்குள் நுழைந்தது என்று எனக்குத் தெரியாது.

நவம்பரில் ஓர் இரவு மூன்று மணிக்கு அந்தக் க்ளோசெட்டுக்குள் நின்றிருந்தேன். பெட்டி முன்னால். முதல் இரண்டு எண்களை அழுத்திவிட்டிருந்தேன். எதற்கு என்று என்னையே கேட்டேன். ரைபிளைத் துடைத்து வைக்கலாம் என்று பதில் வந்தது. பதில் உடனே வந்தது, நியாயமாகவும் இருந்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் ரைபிள் துடைப்பதில்லை.

‘க்ளிக்’ என்ற அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. கை ஆடவில்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தபோது, முனை இரண்டு அங்குலம் இறங்கி நின்றதே, அது. எதுவும் வெடிக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க முடிந்தது. எண்பலகையிலிருந்து விரலை எடுத்தேன். போய் மனைவியை எழுப்பினேன். “எனக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன்” என்றேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டாள். விடியும்வரை பேசினோம்.

காலையில் பெரியவருக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். “கொஞ்ச நாள் என் துப்பாக்கிகளை உங்களிடம் வைத்துக்கொள்ள முடியுமா?” என்றதும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. “ஒன்றா, எல்லாமா?” என்றுதான் கேட்டார். எல்லாம் என்றேன். ஒரு மணி நேரத்தில் பிக்கப் வண்டியில் வந்துவிட்டார். உறையையும் அவரே கொண்டு வந்திருந்தார். மனைவி பெட்டியைத் திறக்க, அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து வைத்தார். போகும்போது, “என் பெட்டியில் எப்போதும் இன்னொருவருக்கு இடம் விட்டு வைத்திருப்பேன். நீ முதல் ஆள் இல்லை” என்றார். நான் அழுததை அவர் பார்க்காததுபோல் டயரைக் குனிந்து பார்த்தார். அன்று மதியம் மருத்துவரிடம் போனேன். 988 என்ற உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். மகளிடமும் மறைக்கவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, “எழுப்பினீங்களே, அது போதும்” என்றாள்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை சில. அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். நாம் செய்தியில் பார்த்துப் பதறுகிற படுகொலைகள் அல்ல, பூட்டிய வீட்டுக்குள் யாருக்கும் கேட்காத ஒற்றைச் சத்தம்தான் பாதிக்கும் மேல். நியூ ஹாம்ப்ஷயரில் துப்பாக்கிக் கடைக்காரர்களே பொதுச் சுகாதாரத் துறையினரோடு சேர்ந்து, மனம் உடைந்து வருகிறவரை எப்படி அடையாளம் காண்பது, நண்பன் சோர்ந்திருந்தால் அவன் துப்பாக்கியை எப்படிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது என்று சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். துப்பாக்கி பிடிக்காதவர் சொன்னால் கேட்டிருக்க மாட்டேன். சுடுகிறவர் சொன்னதால், செய்ததால், கேட்டேன்.

*

இதில் பாதியைத்தான் அம்மாவிடம் அன்று சொன்னேன். வேலை போனதை முதல் முறையாகச் சொன்னேன். தூக்கம் போனதைச் சொன்னேன். மூன்று மணியைச் சொல்லவில்லை. பெரியவர் கொண்டுபோய் வைத்திருந்ததை மட்டும் சொன்னேன். மிச்சத்தை அம்மா தானாகவே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். வெகுநேரம் துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பாரு பருத்திக்கு அடிக்கிற மருந்த ஊட்டுக்குள்ளயே கொண்டாற உடமாட்டாரு, தெரியுமா?” என்றார். “நீ பொறக்கறதுக்கு முன்னால, நம்மூர்ல வெள்ளாமை போயி ஒருத்தரு மருந்தக் குடிச்சிட்டாரு. அன்னையிலிருந்து மருந்து பூராத்தையும் மோட்டார் ரூம்புல வச்சுப் பூட்டிச் சாவியப் பக்கத்துத் தோட்டத்துக்காரருகிட்டக் குடுத்துட்டாரு. நம்ம மருந்துக்கு நாம போயி அவருகிட்டச் சாவி கேக்கோணும். எனக்குக் கோவமா வரும். கேட்டா, அந்த நடையிலயே பாதி எறங்கிப் போயிரும் ஆத்தா, அப்படிம்பாரு.”

அந்த மோட்டார் ரூமைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பூட்டையும் பார்த்திருக்கிறேன். மருந்து திருடு போகாமலிருக்க என்று நினைத்திருந்தேன். துப்பாக்கிக்குள் போடுவதையும் நாம் மருந்து என்றுதான் சொல்கிறோம். இலங்கையில் 1990-களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 1995-க்கும் 2005-க்கும் இடையே அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாரு அதை ஒரு நடைத் தூரத்தில் செய்திருக்கிறார்.

அம்மா எழுந்து மடித்த துணிகளை அடுக்கத் தொடங்கினார். பெட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“இப்ப இதுக்குச் சாவி யாருகிட்ட?”

“சாவி இல்லம்மா, நம்பரு. அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.”

“அப்பச் சரி.”

அந்த வருடம் வசந்தத்தில் மருத்துவரும் மனைவியும் சரி என்ற பிறகு, ரைபிளைத் திரும்ப வாங்கியிருந்தேன். சின்னக் கைத்துப்பாக்கியைப் பெரியவர் மூலமாகவே விற்றுவிட்டேன். வாங்கிய விலையில் பாதிகூடத் தேறவில்லை. பெட்டிக்குள் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மனைவியை எழுப்ப வேண்டியிருக்கிறது. வாரத்தில் தூங்கக் கிடைக்கிற ஒரே நாளும் இப்படியா என்று திட்டிக்கொண்டே வந்து எண்ணை அழுத்துகிறாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறேன்.